தொட்டியில் வேப்பம்பூ

செங்கல்பட்டு
12-3-1974

அன்புத் தங்கை லோகநாயகிக்கு,

அண்ணன் சிவப்பிரகாசம் எழுதுவது. நானும் உன் அண்ணியும் இங்கே சுகம். உன் சுகத்துக்கும் மாப்பிள்ளை சுகத்துக்கும் எழுது. தை மாதம் கல்யாணமாகிப் போனவள், இன்னும் ஒரு கார்டுகூடப் போடவில்லை. கடற்காற்று பட்டதும் செங்கல்பட்டு மறந்துபோயிற்றா?

மூத்தாளுக்காக உன் தாலியில் கோத்த பொட்டுத் தங்கம் கழுத்தில் உறுத்துகிறதா என்று அண்ணி கேட்கிறாள். கடலில் குளிக்கப் போய் முழுகிப்போன பார்வதம், பாவம். சுமங்கலியாகப் போனவள். நம் பக்கத்து வழக்கப்படி ஆடியில் அவளைப் பூவாடைக்காரியாகக் கும்பிட்டுப் படையல் போடு. உன்னைக் காப்பாள்.

ஒரு நல்ல சேதி. அச்சகத்தில் அடுத்தவன் எழுத்துக்குப் பிழை பார்த்துக் கண் போன எனக்கு ஒரு தொடர்கதை கிடைத்திருக்கிறது! மதராஸ் வார இதழ். ஆசிரியர் கேட்பது இதுதான்: கடலோரம் ஒரு பழைய மாளிகை, அதில் ஒரு மனிதன், ஊருக்குத் தெய்வம், வீட்டுக்குப் பேய். பெயர்கூட வைத்துவிட்டேன், பூபதி. மேலே ஓடவில்லை.

நீ இருப்பதோ சவுக்குத்தோப்புக்கு நடுவே, வெள்ளைக்காரன் கட்டிய வீட்டில். சின்ன வயதில் பேய்க்கதையை நான் ஆரம்பிப்பேன், நீ முடிப்பாய். உன் முடிவைக் கேட்டு நானே போர்வைக்குள் போவேன். இப்போதும் கொஞ்சம் கைகொடு.

மாப்பிள்ளை தாண்டவராயனுக்கு என் வணக்கம். அப்படி ஒரு மனிதர் உனக்குக் கிடைத்தது அப்பா அம்மா செய்த புண்ணியம்.

உன் அண்ணன்
சிவப்பிரகாசம்


சவுக்குமேட்டுக் குப்பம்
2-4-1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

லோகநாயகி வணக்கம். அவர் சௌக்கியம், நானும் சௌக்கியம். அண்ணியின் முழங்கால் வலி எப்படி?

எழுதாததற்குக் கோபிக்க வேண்டாம். சதுரங்கப்பட்டினம் தபாலாபீஸுக்கு இங்கிருந்து நடக்க வேண்டும். கடிதங்களை அவரேதான் கொண்டுபோகிறார். ஒட்டுவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்ப்பார். என் கையெழுத்து அவருக்கு அவ்வளவு பிடிக்கும்.

அண்ணாவுக்குக் கதை வேண்டுமாம் என்று சொன்னேன். "கதைதானே? தாராளமா எழுதேன்" என்று சிரித்தார். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் பூபதி இப்படி இருக்கட்டும். புயலில் படகு கவிழ்ந்தால் முதலில் குதிப்பவன் அவன். முழுகினவனை இழுத்துவந்து வாயில் மூச்சு ஊதிப் பிழைக்கவைப்பான். மனித மூச்சு தண்ணீருக்குள் எதுவரை தாங்கும் என்று அவனுக்குத் தெரியும். அவன் வீட்டுக் கொல்லையில் வேப்பமரத்தடியில் ஒரு செங்கல் தொட்டி. மனைவி குழம்பில் உப்பைத் தவறவிட்டால், வாசலில் மீன் விற்க வந்தவளோடு இரண்டு வார்த்தை கூடப் பேசினால், அவன் திட்டமாட்டான். சத்தம்கூடப் போடமாட்டான். பட்டப்பகலில், சாப்பிட்டுக் கைகழுவின பிறகு, அவள் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தலையைத் தொட்டிக்குள் அமுக்குவான். சரியான சமயத்தில் எடுத்துவிடுவான். அவனுக்குத்தான் அந்த அளவு தெரியுமே. பிறகு மடியில் சாய்த்துக்கொண்டு துண்டால் தலை துவட்டிவிடுவான். சோறு பிசைந்து ஊட்டிவிடுவான். அழுவான்.

இது கதைக்கு உதவுமா அண்ணா?

இன்லண்டில் மசி ஊறியிருந்தால் தப்பாக எண்ண வேண்டாம். தலை ஈரமாக இருக்கும்போதே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் தங்கை
லோகநாயகி


செங்கல்பட்டு
20-4-1974

அன்புத் தங்கைக்கு,

அண்ணியின் முழங்கால் அப்படியேதான். மற்றபடி சுகம். நீ ஈரத்தலையோடு உட்காராதே, சளி பிடிக்கும்.

அடி கைகாரி! கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதுகு சில்லிட்டது. பட்டப்பகல், வேப்பமரம், உப்பு, துண்டு! பேய்க்கதை என்றால் அமாவாசை, நாய் ஊளை என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ஆசிரியருக்குச் சொன்னேன். "யோவ், இதை எங்கேயா புடிச்சே?" என்றார். நான் உன் பெயரைச் சொல்லவில்லை. சும்மா மீசையைத் தடவிக்கொண்டேன்.

ஒரு இடம் மட்டும் இடிக்கிறது. இந்த வகைக் கதைக்கு ஒரு சட்டம் உண்டு லோகு. நல்லது முகமூடி, கெட்டதுதான் முகம். கடைசி அத்தியாயத்தில் முகமூடி கழல வேண்டும், வாசகன் பெருமூச்சு விட வேண்டும். நீயோ அவனை அழவைக்கிறாய், ஊட்டிவிடவைக்கிறாய். அதெல்லாம் நடிப்புத்தானே? அப்படி வைத்துக்கொள்ளட்டுமா? அவன் ஏன் அப்படி ஆனான் என்பதையும் யோசித்து எழுது. சீக்கிரம் எழுது, இரண்டு அத்தியாயம் அச்சுக் கோத்தாகிவிட்டது.

உன் அண்ணன்
சிவப்பிரகாசம்


சவுக்குமேட்டுக் குப்பம்
9-5-1974

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இங்கே வெயில் கொளுத்துகிறது. வேம்பு பூத்துக் கொட்டி முடிந்து காய் பிடித்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் இருமல். வேறொன்றும் இல்லை.

முகமூடி என்று எழுதாதீர்கள் அண்ணா. அது பொய். இங்கே குப்பம்மா என்று ஒரு மீன்காரி வருவாள். அவள் மகனைப் போன வருஷம் அலை இழுத்துப் போனபோது ஊர் ஆண்கள் அத்தனை பேரும் கரையில் நின்றார்கள். அவர்தான் குதித்தார். பிள்ளைக்கு மூச்சு வந்தபோது மணலில் மண்டியிட்டு அழுதாராம். அந்த அழுகை நிஜம். இந்த அழுகையும் நிஜம். முகமூடியாக இருந்தால் எப்போதாவது கழற்றிவைப்பான், அப்போது பார்த்துப் பயந்து ஓடிவிடலாம். இரண்டும் ஒரே முகமாக இருந்தால் எந்தப் பக்கம் ஓடுவது? காலையில் அவன் கொடுக்கும் காப்பியைக் குடிக்கும்போது, இவனைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும். அதுதான் அண்ணா பயங்கரம், நாய் ஊளை இல்லை.

மேலே ஓரிடத்தில் 'அவர்' என்று எழுதிவிட்டேன். 'அவன்' என்று திருத்திக்கொள்ளுங்கள். நீங்கள்தான் பிழை பார்ப்பவராயிற்றே.

பூபதிக்கு முன்னால் ஒரு மனைவி இருந்தாள் என்று வையுங்கள். ஒருநாள் அவனுக்கு அளவு தப்பிவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு தோப்பு வழியாகக் கடலுக்கு ஓடினான். ஊர் பார்க்க அலையில் விழுந்து, அவளைக் காப்பாற்றப் போராடினான். ஊரே அவனுக்காக அழுதது.

இரண்டாவது மனைவிக்கு ஓர் அண்ணன் இருப்பதாக எழுதுங்கள். அவன் எந்த அத்தியாயத்தில் வருவான்? சீக்கிரம் வந்தால் நல்லது. சொல்லாமல் கொள்ளாமல், பகல் பஸ்ஸில். வாசகர்கள் அவனைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் தங்கை
லோகநாயகி


செங்கல்பட்டு
6-6-1974

அன்புத் தங்கைக்கு,

இருமலுக்குச் சுக்குக் கஷாயம் குடி. நாங்கள் சுகம்.

தொடர் வெளிவந்துவிட்டது! மூன்று இதழும் தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ரயிலடிக் கடையில் வியாழக்கிழமை சாயங்காலமே தீர்ந்துபோகிறது. நம் தெருவில் பெண்கள் இப்போது தொட்டிப் பக்கமே தனியாகப் போவதில்லையாம். ஆசிரியர் தலைப்புக்குக் கீழே 'உண்மைச் சம்பவம்' என்று ஒரு வரி போட்டுவிட்டார். எல்லாத் தொடருக்கும் போடுவதுதான், யார் நம்பப்போகிறார்கள்?

'அவர்' திருத்திவிட்டேன். முகமூடி விஷயத்தில் மட்டும் ஆசிரியர் பிடிவாதமாக இருக்கிறார், முகமூடியாகவே போகட்டும்.

அண்ணன் பாத்திரம் நல்ல யோசனை. ஆனால் இப்போதே அவன் வந்து நின்றால் கதை செத்தது என்கிறார். நியாயம்தானே? அவளை அவன் அழைத்துக்கொண்டு போய்விட்டால் அப்புறம் நான் எதை எழுதுவது? இன்னும் கொஞ்ச காலம் அவள் தாங்கட்டும். தாங்குவாள், கெட்டிக்காரி. தீபாவளி மலர் வாக்கில் அண்ணனைப் பஸ்ஸை விட்டு இறக்கிவிடலாம்.

அடுத்து அவன் என்ன செய்கிறான்? எழுது.

உன் அண்ணன்
சிவப்பிரகாசம்


சவுக்குமேட்டுக் குப்பம்
30-6-1974

அன்பு மச்சான் சிவப்பிரகாசத்துக்கு,

தாண்டவராயன் எழுதுவது. ஆண்டவன் அருளால் இவ்விடம் யாவரும் நலம். உங்கள் வீட்டில் தங்கச்சிக்கு முழங்கால் வலி என்று லோகா சொன்னாள். இத்துடன் ஆள் மூலம் புங்க எண்ணெய் ஒரு புட்டி அனுப்பியிருக்கிறேன். இளஞ்சூட்டில் தடவச் சொல்லுங்கள்.

உங்கள் தொடரை ஒரு வரி விடாமல் படிக்கிறேன். நல்ல எழுத்து. லோகா உங்களுக்கு எழுதியதையும் படித்தேன். அந்த முதல் மனைவி பகுதி வந்தபோது என்னால் உட்கார முடியவில்லை. கடற்கரை வரை நடந்துவிட்டு வந்துதான் ஒட்டினேன். ஆமாம், நானேதான் ஒட்டினேன். அனுப்பாமல் விட்டிருக்கலாம். ஆனால் கதையாக வெளியே போய்விட்டால் அது கதைதானே மச்சான்? எனக்கு அதில் ஒரு நிம்மதி. படித்தவர்கள் எல்லாரும் பூபதியைத் திட்டுவார்கள். எனக்கும் அவனைப் பிடிக்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவனைக் கடைசியில் கொன்றுவிடாதீர்கள். அவன் கையால் பிழைத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

லோகாவுக்கு உடம்பு அசதி. இனி அடிக்கடி எழுத முடியாது. நான் பார்த்துக்கொள்கிறேன், கவலை வேண்டாம்.

என்றும் அன்புள்ள
தாண்டவராயன்


செங்கல்பட்டு
22-7-1974

அன்புத் தங்கைக்கு,

உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது? இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. மாப்பிள்ளை எழுதியிருந்தார். பெரிய மனசு அவருக்கு. கதையை ரசித்து, வேடிக்கையாக என்னவெல்லாமோ எழுதியிருந்தார். எண்ணெய் தடவியதும் அண்ணிக்கு வலி பாதி குறைந்துவிட்டது.

அண்ணிதான் அவருடைய கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, "ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாங்களேன்" என்கிறாள். பெண்களுக்கு எதிலும் ஒரு சந்தேகம். எனக்கும் ஒரு மாதிரிதான் இருக்கிறது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. வாரம் ஓர் அத்தியாயம் கழுத்தைப் பிடிக்கிறது. ஆடி கழியட்டும், வருகிறேன்.

முடிந்தால் இரண்டு வரி எழுது. கதைக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

உன் அண்ணன்
சிவப்பிரகாசம்


சவுக்குமேட்டுக் குப்பம்
14-8-1974

ஐயா சிவப்பிரகாசம் அவர்களுக்கு, மீன்காரக் குப்பம்மா சொல்லச் சொல்ல, தபால்காரன் வரதன் எழுதுவது. அந்தம்மா சொன்னபடியே எழுதுகிறேன்.

நைனா, நல்லா கீறியா? சம்சாரம் நல்லா கீதா? எனுக்கு எய்த்து தெரியாது. தெரிஞ்சிருந்தா எப்பவோ எய்தியிருப்பேன். உன் தங்கச்சி உசுரோட கீது, பயப்படாத. கூடுவாஞ்சேரில உங்க சின்னம்மா தனக்கோடி வூட்ல வுட்டுட்டு இப்பதான் திரும்பி வந்தேன்.

போன வெள்ளிக்கெயம உன் மாப்ள ராயன் ஐயா வூட்ல பூவாடக்காரி படையல். ஊரே வந்துச்சு. பம்பக்காரன் கடலாண்ட போயி செம்புல தண்ணி மொண்டு, பூ சுத்தி, பார்வதத்தக் கூப்ட்டுகினே வந்தான். புதுப்பொடவ வச்சி, வட பாயசம் வச்சி, கற்பூரம் ஏத்தினாங்கோ. சாமி வரல. பம்பக்காரன் அடிச்சி அடிச்சி பேஜாராயிட்டான். அப்பதான் ஓரமா நின்னுகினு இருந்த லோகு கொண்டய அவுத்துச்சு. ஒரே ஆட்டம். "இன்னாடா தாண்டவா, என்னத் தெரியுதா?"ன்னு கேட்டுச்சு. எந்தப் பொண்ணு புருசன் பேர வாயால சொல்லும்? சாமியாப் போனவதான் சொல்லுவா. அதுலயே ஊரு நம்பிடுச்சு.

"தொட்டித் தண்ணி சில்லுனு கீதுடா, மூச்சு முட்டுதுடா"ன்னுச்சு. ஐயா சின்னப் புள்ளயாட்டம் அய்துகினு கால்ல வுயுந்தாரு. "இன்னா ஓணும் சொல்லு தாயி"ன்னாரு. "இந்தப் பொண்ணு எனுக்கு ஆவல. இன்னிக்கே இவள வெளிய அனுப்பு. இந்த வூட்ல நா ஒருத்திதான்"னுச்சு. சாமி சொன்னப்பறம் ஆரு மறுக்கறது? ஐயாவே பொட்டியத் தூக்கியாந்து எங்கள பஸ் ஏத்திவுட்டாரு. வயில துன்ன இட்லி கட்டிக் குடுத்தாரு.

இன்னோண்ணு கேளு. தொட்டித் தண்ணின்னு சொன்னதுக்கு பம்பக்காரன் இன்னா அர்த்தம் சொன்னான் தெரியுமா? ஆத்தாவுக்கு அந்தத் தொட்டிதான் புடிச்சிருக்கு, வெள்ளிக்கு வெள்ளி அதுல மஞ்சத்தண்ணி ஊத்தி வெளக்கேத்தணும்னான். இப்ப ஊரே அந்தத் தொட்டியக் கும்புடுது நைனா.

ஒண்ணு சொல்லணும். பார்வதம் செத்தப்ப குளுப்பாட்டுனது நானு. கடல்லேர்ந்து எடுத்தாந்த பொணம்னாங்கோ. கொண்டய அவுத்தா, உள்ள வேப்பம்பூ. கடல்ல ஏது வேப்பம்பூ? தொட்டிக்கு மேலதான் மரம் கீது. பூவப் பொறுக்கிப் போட்டுட்டு வாய மூடிகினேன். எம்புள்ளய அலையிலேர்ந்து இயுத்தாந்து உசுரு குடுத்த கை அது. அந்தக் கையப் பத்தி நா எந்த வாயால சொல்லுவேன்? லோகுகிட்ட மட்டும் சொன்னேன். இப்ப உங்கிட்ட சொல்றேன்.

போயி தங்கச்சியப் பாரு.

(குப்பம்மா கைநாட்டு. எழுதியவன் வரதன். நானும் இதைப் பிறரிடம் சொல்லவில்லை.)


செங்கல்பட்டு
20-8-1974

அன்புத் தங்கைக்கு,

கூடுவாஞ்சேரிக்கு நேற்று வந்தேன். நீ அறைக் கதவைத் திறக்கவில்லை. அழுதுவிட்டுத் திரும்பினேன். சித்தி தட்டில் வைத்த சோற்றைத் தொட முடியவில்லை.

உன் கடிதங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு வரியும் இப்போது வேறாக இருக்கிறது. நான் எப்படிப் படித்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. அவர் படித்துவிட்டுத்தான் அனுப்புவார் என்று நீயே எழுதியிருந்தாய், அதுகூட என் மண்டையில் ஏறவில்லை. அண்ணி என்னோடு பேசுவதில்லை. எண்ணெய்ப் புட்டியைச் சாக்கடையில் கொட்டிவிட்டாள்.

தொடரை இப்போதே முடிக்கச் சொல்லிக் கடைசி அத்தியாயத்தை ஆசிரியர் கேட்டு ஆள் அனுப்பிவிட்டார். ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும். குப்பம்மா சொன்ன அந்த வேப்பம்பூ விஷயம்... உன்னைக் கேட்காமல் எழுதமாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லேன் லோகு. அன்றைக்கு வந்தது பார்வதமா, நீயா?

உன் அண்ணன்
சிவப்பிரகாசம்


கூடுவாஞ்சேரி
18-1-1975

அண்ணாவுக்கு,

சித்தி சுகம். எனக்கு இருமல் நின்றுவிட்டது. தண்ணீரைச் செம்பில் மொண்டு ஊற்றிக் குளிக்க இப்போதுதான் பழகியிருக்கிறேன்.

இங்கே வந்து ஐந்து மாதமாக எழுதவில்லை. எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். உங்களிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் என் அண்ணன், இன்னொருவர் கதை எழுதுகிறவர். என் கடிதம் வந்தால் எழுதுகிறவர்தான் முதலில் பிரிக்கிறார். படித்துத் தீர்த்த பிறகுதான் அண்ணன் கைக்கு வருகிறது. நான் வீட்டை விட்டு வந்து இரண்டு வாரம்கூட ஆகாதபோது நீங்கள் கேட்ட கேள்வி உங்களுக்கு நினைவிருக்கிறதா? பார்வதமா நானா என்று. அதை உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

கடைசி அத்தியாயத்தைச் சித்தி வீட்டில் படித்தேன். முகமூடி கழன்றது. கடல் பொங்கி வந்து பூபதியை விழுங்கியது. எல்லாரும் பெருமூச்சு விட்டிருப்பார்கள். அவர் நன்றாக இருக்கிறார் அண்ணா. மூத்தாள் துரத்திவிட்ட பெண் என்று ஊர்க்கூட்டத்தில் என் கல்யாண உறவைத் தீர்த்துவிட்டார்கள். வரும் தை இருபத்தெட்டில் அவருக்குக் கல்யாணம். என்னைத் தப்பவைத்த வார்த்தையே அவருக்குப் பாதை போட்டுக் கொடுத்துவிட்டது.

பெண்ணுக்கு ஊர் பொத்தேரி. பெயர் வேண்டா. ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயராம். நான் போனேன். அவள் அப்பா திருநாவுக்கரசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தொட்டி, துண்டு, ஊட்டிவிட்ட சோறு, ஒன்றையும் விடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, இது அந்தத் தொடர்கதைல வந்ததுதானே? எம் பொண்ணுங்க வாரா வாரம் படிச்சிதுங்க. வாழாத வயித்தெரிச்சல்ல கதைய வந்து அளக்கிறியே, அந்த மனுசன் எம்மாம் நல்லவரு" என்றார். அவர் மனைவி எனக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். அந்தப் பெண் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கதைதானே, தாராளமா எழுதேன்" என்று அவர் ஏன் சிரித்தார் என்று அங்கே வைத்துத்தான் எனக்குப் புரிந்தது. என்னிடம் இருந்தது என் உண்மை ஒன்றுதான். அதை வாரம் வாரம் அச்சடித்துக் கதையாக்கிவிட்டீர்கள். இனி நான் வாயைத் திறந்தால் உங்கள் எழுத்துத்தான் வெளியே வருகிறது. எனக்கு உங்கள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது அண்ணா.

ஆனாலும் எழுதுகிறேன். கடைசி அத்தியாயத்தில் வேப்பம்பூவைத் தேடித் தேடிப் படித்தேன். நீங்கள் எழுதவில்லை. பதில் வராதபோதும் எழுதவில்லை. அது ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம். இனியும் எழுதாதீர்கள்.

லோகநாயகி


சவுக்குமேட்டுக் குப்பம்
21-6-1975

எழுத்தாளர் திரு. சிவப்பிரகாசம் அவர்களுக்கு,

வாசகி வேண்டா தாண்டவராயன் வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். நான் நலம்.

தங்கள் தொடரைக் கல்யாணத்துக்கு முன்பே அக்காமார்களோடு படித்தேன். எங்கள் வீட்டுக்காரர் அதை பைண்டு செய்து பீரோவில் வைத்திருக்கிறார். படிக்கச் சொல்லி எனக்கும் கொடுத்தார். மறுபடி படித்தேன். முன்பு படித்தபோது பூபதி செத்ததும் சந்தோஷப்பட்டோம். இப்போது அந்த இடம் சரியாக இல்லை என்று தோன்றுகிறது.

தங்கள் அடுத்த கதைக்கு உதவுமானால் ஒன்று சொல்லலாமா? எழுதட்டுமா என்று அவரைக் கேட்டேன். "எழுதேன், கதைதானே" என்றார். ஒரு வீட்டில் சாமித் தொட்டி இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதற்கு விளக்கேற்றுகிறார்கள். மற்ற நாட்களில் வேறு. அந்த வீட்டுக்கு வந்த பெண்ணை எச்சரிக்க ஒருத்தி வந்தாள், அவள் வீட்டார் சிரித்து அனுப்பிவிட்டார்கள். அவளை இப்போது எங்கே தேடுவது என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை. கதை எழுதியவருக்குத் தெரிந்திருக்குமோ என்று நினைக்கிறாள்.

தவறிருந்தால் மன்னிக்கவும். சில இடத்தில் மசி ஊறியிருக்கிறது. தலை ஈரம்.

இப்படிக்கு
வேண்டா


கூடுவாஞ்சேரி
12-7-1975

அண்ணாவுக்கு,

நலம். சித்தி உங்கள் இருவரையும் விசாரித்தாள். அண்ணியை முழங்காலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய வேண்டாவின் கடிதம் வந்தது. கூடவே இருந்த உங்கள் நாலு வரியையும் படித்தேன். 'இந்தத் தடவை கடிதத்தை அண்ணனே பிரித்தேன், பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். தனியாகப் போகாதீர்கள். போனால் அவர் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போவார், வாழையிலையில் சாப்பாடு போடுவார், அந்தப் பெண்ணும் சுகம் என்றுதான் சொல்லுவாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஆடி முதல் வெள்ளி அங்கே படையல். நான் போகிறேன். லோகநாயகி சொன்னால் அந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். பார்வதம் சொன்னால் கேட்பார்கள். போன தடவை தொட்டி என்று மட்டும் சொன்னேன், அதற்கு அர்த்தம் சொல்லும் வேலையைப் பம்பைக்காரனிடம் விட்டுவிட்டேன். இந்தத் தடவை யாருக்கும் அர்த்தம் சொல்ல இடம் வைக்கமாட்டேன். என் கொண்டையில் என்ன பூ இருந்தது, குளிப்பாட்டினவளைக் கேளுங்கள் என்று பார்வதமாகச் சொல்லப்போகிறேன். குப்பம்மா வாயைத் திறப்பதாக வரதன் கையால் எழுதியனுப்பியிருக்கிறாள். மகன் தலைமேல் கையை வைத்துச் சத்தியம் செய்தாளாம், அழுதுகொண்டே. வேப்பம்பூ உங்கள் கதையில் வரவில்லை. அதனால் அது ஒன்றுதான் இன்னும் உண்மையாக இருக்கிறது.

பயமாக இருக்கிறது அண்ணா. அவர் அழுவார். ஊர் அவர் பக்கம் சாயலாம். திரும்பி வருவேனா என்று தெரியாது. ஆனால் பேய்க்கதைக்கு முடிவு சொல்வது எப்போதும் நான்தானே.

நீங்களும் வாருங்கள். கூட்டத்தின் முன்னால், அவர் கண்ணில் படும்படி உட்காருங்கள். வேண்டாவின் பக்கத்தில் அண்ணி உட்காரட்டும்.

பேனாவை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

லோகநாயகி